படகுக்குப் பூத்துணி, மேலே எபாக்சி: கேள்வி பதில்

வீட்டிலேயே மரப்படகு, கயாக் எனும் சிறு துடுப்புப் படகு, வண்டியில் இழுத்துச் செல்லும் சிறு கேம்பர் (தங்கும் கூண்டு) முதலியவற்றைச் செய்பவர்களில் சிலர், மேற்பரப்பில் அழகான துணியைப் பரப்பி அதன்மேல் எபாக்சி ரெசின் எனும் இறுகும் பிசினைப் பூசுகிறார்கள். காய்ந்ததும் மரத்துக்குள்ளேயே ஓவியம் வரைந்ததுபோல இருக்கும். சிங்கப்பூர் நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணே, கயாக்கின் மேல்தளத்துக்குப் பாத்திக் துணி ஒட்டலாம் என்று இருக்கிறேன். தேக்காவில் வாங்குவதா, அரபு ஸ்திரீட்டில் வாங்குவதா? (பொங்கோல்)

எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள் தம்பி, பருத்தியாக இருந்தால் போதும். மெல்லியதாகவும் நெருக்கமாக நெய்ததாகவும் பாருங்கள். தடித்த துணி ரெசினை ஏராளமாகக் குடிக்கும், படகின் எடையும் ஏறும்.

கையால் செய்த உண்மையான பாத்திக்கில் ஒரு சிக்கல் உண்டு. மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவதால், மெழுகின் மிச்சம் இழைகளுக்குள் தங்கியிருக்கலாம். மெழுகு இருக்கும் இடத்தில் எபாக்சி ஒட்டாது. கொதிநீரில் போட்டு எடுத்து, சோப்புத்தூளால் அலசுங்கள். கடைத்துணியின் கஞ்சியும் அதோடு போய்விடும். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அதுவும் மெழுகைப் போன்ற படலத்தை விட்டுச்செல்லும். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார். முத்தாக உருண்டு நின்றால் மறுபடியும் துவையுங்கள்.

மாதிரிக்கு ஒரு துண்டு ஒட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணி மறைந்து மரம் தெரிகிறது. துணி மட்டமா?

துணியைக் குறை சொல்லாதீர்கள். எபாக்சியில் நனைந்த பருத்தி ஒளியை ஊடுருவ விடும். வெள்ளை காணாமல் போகும், இளம் நிறங்கள் மங்கும், கரும் நிறங்கள் இன்னும் கருக்கும். ரெசினை வீணாக்காமல் இதை முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது: துணியைத் தண்ணீரில் நனைத்து அந்த மரத்தின்மேலேயே விரியுங்கள். ஏறக்குறைய அதுதான் கடைசித் தோற்றம்.

வெள்ளை வெள்ளையாகவே வேண்டுமென்றால், முதலில் வெள்ளை நிறமி கலந்த எபாக்சியை மரத்தில் ஒரு பூச்சுப் பூசுங்கள். வீட்டுச் சுவர் பெயிண்ட் வேண்டாம். மேலே வரும் அத்தனை அடுக்கும் அந்தப் பெயிண்டின் பிடிமானத்தை நம்பித்தான் நிற்கும், அது உரிந்தால் எல்லாம் உரியும்.

ஐயா, அம்மாவின் பழைய சேலைகள் இருக்கின்றன. ஒன்று மதுரைச் சுங்குடி, ஒன்று காஞ்சிபுரம் பட்டு. அவர் நினைவாகப் படகில் வைக்க ஆசை. (ஈசூன்)

சுங்குடியை வையுங்கள் அம்மா. மெல்லிய பருத்தி, பல முறை துவைத்தது, புள்ளிகளும் அழகாக எழும். சாயம் கசிகிறதா என்று மட்டும் ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள்.

காஞ்சிபுரத்தை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள் என்பேன். பட்டு நனைந்தால் நிறம் இருண்டுபோகும். சரிகைக் கரை விறைப்பாக இருப்பதால் வளைவுகளில் படியாது, அடியில் காற்று சிக்கி வெண்திட்டுகளாகத் தெரியும். மனம் கேட்கவில்லையென்றால், வளைவே இல்லாத தட்டையான இடத்தில், உட்புற இருக்கைப் பலகையில், முந்தானையின் சிறு துண்டை வையுங்கள். முழுச் சேலையையும் வெட்ட நான் வழி சொல்ல மாட்டேன்.

துணி ஒட்டினால் ஃபைபர் கிளாஸ் தேவையில்லை என்கிறார்களே?

தவறு. பருத்தி அலங்காரம்தான், வலு தராது. கீழே மரம், நடுவில் பூத்துணி, அதற்கு மேல் ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) நெய்த துணி: இதுதான் வரிசை. கயாக்கின் மேல்தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 135 கிராம் எடையுள்ளது போதும். படகு நீரில் உரசும் அடிப்பகுதிக்கு 200 கிராம். நன்றாக நனைந்த கண்ணாடித் துணி கண்ணுக்கே தெரியாது, அதனால் பூ மறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். நறுக்கிய இழைகளாலான பாய் போன்ற வகையை வாங்காதீர்கள். அதன் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது, எபாக்சியில் கரையாமல் வெளுப்பாக நிற்கும்.

எவ்வளவு கவனமாகப் பூசினாலும் குமிழி வருகிறது. மறுநாள் காலையில் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் வேறு. என்ன செய்வது? (தெம்பனிஸ்)

நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கிளப்பும் என்பதுதான் கொடுமை.

குமிழி மரத்திலிருந்து வருகிறது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து ரெசினைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அதனால் வெப்பம் இறங்கும் மாலை நேரத்தில் பூசச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இங்கே பிற்பகலில் 60 விழுக்காட்டுக்கு அருகே இருக்கும் ஈரப்பதம், இரவில் ஏறி விடியற்காலையில் 90-ஐத் தாண்டிவிடும். ஹார்டனரில், அதாவது ரெசினை இறுகவைக்க அதோடு கலக்கும் திரவத்தில், உள்ள அமீன் எனும் வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பை உண்டாக்குகிறது.

நான் சொல்வது இது: முதலில் வெறும் மரத்தில் மெல்லிய எபாக்சிப் பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் துளைகளை அடைத்துவிடுங்கள். துணி ஒட்டும் நாளில் குமிழித் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்போது மாலைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, நிழலில் பிற்பகலிலேயே வேலை செய்யலாம். ஹார்டனரில் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பதை மறக்காதீர்கள். கலந்த ரெசினை ஆழமான குவளையில் வைத்திருக்காமல் அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை அளவுக்கு மேல் ஊற்றுபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. விகிதம் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

பிசுபிசுப்பு வந்துவிட்டால் தின்னரைத் தேடி ஓடாதீர்கள். அது நீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானும் போதும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தப் படலத்தையே உள்ளே தேய்த்து ஏற்றுவீர்கள், அடுத்த பூச்சு பிடிக்காது.

துணியின் ஓரம் பிசிறாக நிற்கிறது.

ரெசின் பதமான தோல்போல இறுகியிருக்கும்போது புதுப் பிளேடால் வெட்டுங்கள். கல்லாக இறுகிய பிறகு வெட்டினால் பிசிறும். ஓரத்தின்மேல் ஒரு விரல் அகலத்துக்கு நிறக்கோடு போட்டுவிட்டால் பார்ப்பவர் கண்ணில் படாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செய்ய முடியுமா சார்?

சிறு பலகை, மேசைத் தட்டு என்றால் முடியும். முழுப் படகு என்றால் முதலில் உங்கள் புளோக்கின் மின்தூக்கியை அளந்து பாருங்கள். இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து மாட்டும் கயாக் வடிவங்கள் இருக்கின்றன. பொது நடைவழியில் வேலை செய்யாதீர்கள், அது தீ விபத்தில் தப்பிக்கும் பாதை. மீந்த ரெசினைக் குவளையோடு குப்பைக் குழாயில் போடவே கூடாது. இறுகும்போது புகையும் அளவுக்குச் சூடாகும். முழுவதும் கெட்டியான பிறகு போடுங்கள்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை பற்றிக்கொண்டால் வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடும். தேய்க்கும்போது கிளம்பும் தூளுக்குத் தகுந்த முகக்கவசம் வேண்டும், மருத்துவமனைத் துணிக்கவசம் போதாது.

ஜொகூரில் தம்பி வீட்டில் ஒரு கேம்பர் செய்கிறோம். கூரை, உட்சுவர் எல்லாவற்றுக்கும் இதே முறையா?

கூரைக்குப் பணம் மிச்சப்படுத்த வேண்டுமென்றால், தடித்த பருத்திக் கேன்வாஸை நீர் தாங்கும் மரப்பசையில் ஒட்டி, வெளிப்புறப் பெயிண்ட்டைப் பல பூச்சுகள் கொடுக்கலாம். படகுக்கு ஆகாது, கேம்பருக்கு ஆகும். உட்சுவருக்கு எபாக்சியே வேண்டாம், துணியைப் பஞ்சுத் தகட்டில் சுற்றி மாட்டுங்கள். பூஞ்சை பிடித்தால் கழற்றித் துவைக்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் உலோகத் தகடு அடியுங்கள். அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும்.

இந்த வெயிலில் நிறம் எத்தனை காலம் நிற்கும்?

புற ஊதாக் குறியீடு நண்பகலில் 11-ஐத் தாண்டும் ஊர் இது. மூடாத எபாக்சி மஞ்சளாகி, பிறகு சுண்ணாம்புபோல உதிரும். ஒரு வாரமாவது இறுகவிட்டு, கழுவித் தேய்த்து, புற ஊதாத் தடுப்புள்ள கடல்சார் வார்னிஷை நான்கைந்து பூச்சு கொடுங்கள். பளபளப்பு மங்கியதும் மேலே புதுப் பூச்சு, உரியும்வரை காத்திருக்காதீர்கள். அவுரி போன்ற இயற்கைச் சாயங்கள் எப்படியும் வெளுக்கும். கறுப்பு, கருநீலத் துணியை மேல்தளத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள், வெயிலில் சூடேறி ரெசின் இளகும். படகைக் கவிழ்த்து, காற்றோட்டமான உறை போட்டு வைப்பதற்கு ஈடான வார்னிஷ் எதுவும் இல்லை.

தேய்க்கும்போது பூத்துணிவரை போய்விட்டது. வெள்ளையாகப் பஞ்சு தெரிகிறது.

அங்கேயே நிறுத்துங்கள். தூளைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் தெளிந்த எபாக்சி தொட்டு வையுங்கள். இழை வெறுமனே சிராய்த்திருந்தால் நனைந்ததும் நிறம் திரும்பும். சாயமே போயிருந்தால் மிச்சத் துணியிலிருந்து அதே பூவை வெட்டி அதன்மேல் ஒட்டி, சிறு கண்ணாடித் துணியால் மூடுங்கள். அதற்காகத்தான் எப்போதும் அரை மீட்டர் கூடுதலாக வாங்கச் சொல்கிறேன்.