வின்ரர் ரயர்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கராஜில் வேலை செய்யத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒக்டோபர் பிறந்தால் கார் திருத்த வருபவர்களைவிட, குளிர்காலத்துக்குப் போடுகிற வின்ரர் ரயர் பற்றிக் கேட்க வருபவர்கள்தான் கூட. வாசலில் நின்று அவசரத்தில் சொல்வது பாதிதான் விளங்கும் என்பதால் இந்த முறை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். கொரோலா, சிவிக், கம்ரி, எலான்ட்ரா என்று செடான் ஓட்டுபவர்களின் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன்.

பிரம்ரனிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, செப்டம்பர்லதான் சென்னையிலிருந்து படிக்க வந்தேன். நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு 2014 கொரோலா வாங்கியிருக்கோம். டயர்ல 'எம் பிளஸ் எஸ்'னு போட்டிருக்கு. அது பனிக்கும் ஆகும்னு சொல்றாங்க. அப்படியும் புதுசா வாங்கணுமா?

தம்பி, அந்த 'எம்' சேறு, 'எஸ்' ஸ்னோ. ஆனால் அந்த எழுத்தைப் போட எந்தச் சோதனையிலும் தேறத் தேவையில்லை. ரயரின் வெட்டுகள் ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைந்திருந்தால் கம்பனி போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தேட வேண்டியது வேறொரு படம்: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. இறுகின ஸ்னோவில் ஓட்டிச் சோதித்து, ஒரு மாதிரி ரயரைவிட இத்தனை வீதம் கூடப் பிடிக்கிறது என்று காட்டினால்தான் அந்தப் படம் கிடைக்கும்.

மிச்சமெல்லாம் றப்பரில் இருக்கிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகப் போக வழமையாகக் காரோடு வருகிற ஓல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். மைனஸ் பத்தில், இரவு முழுக்க வெளியே நின்ற இரண்டு ரயரைக் காலையில் தொட்டுப் பாருங்கோ. ஓல் சீசனில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் மேசைப் பலகையில் அழுத்தினதுபோல நகம்தான் நோகும். வின்ரர் ரயரில் நகம் கொஞ்சம் இறங்கும், எடுத்ததும் அந்தத் தடம் மெல்ல மறையும். அந்த மென்மைதான் றோட்டைப் பிடிக்கிறது. அதோடு பிளேட்டால் கீறினதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் ஐஸைக் கடிக்கும்.

நான் வந்த முதல் வின்ரரில் எனக்கு இதெல்லாம் தெரியாது. எலஸ்மியர் றோட்டில் சிவப்பு விளக்குக்கு பிறேக் பிடித்தேன். காலுக்குக் கீழே பிறேக் டக்டக்கென்று உதறியது, கார் நிற்கவில்லை. முப்பது கிலோமீற்றர் வேகம்கூட இருக்காது. சந்தியின் நடுவே போய்த்தான் நின்றது. குறுக்கே வந்த பஸ் சாரதி தூரத்திலேயே கண்டு நிறுத்தினார். ரயர் நல்ல ரயர்தான், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் குளிருக்குரிய ரயர் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று பேர் காசு சேர்த்துக் கார் வாங்கினீர்கள், ரயருக்கும் அப்படியே சேருங்கோ. இதை வீண் செலவென்று நினைக்க வேண்டாம். வின்ரர் ரயர் ஓடும் மாதங்களில் மற்ற நாலும் தேயாமல் கிடக்கும். எட்டு ரயரும் முறை வைத்துத் தேய்வதால் இரண்டு செட்டும் கூடக் காலம் வரும். அளவு, சாரதிக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ.

மார்க்கம் நகரிலிருந்து ஓர் அக்கா: முன்சில்லு இழுக்கிற கார்தானே, முன்னுக்கு இரண்டு மட்டும் வின்ரர் ரயர் போட்டால் காணும் என்று இவர் சொல்கிறார். காசு பாதியாகுமே?

அக்கா, தயவுசெய்து வேண்டாம். வந்த கேள்விகளில் எனக்குப் பயம் தந்த கேள்வி இதுதான். முன்னுக்கு மட்டும் நல்ல பிடி இருந்தால் கார் நன்றாகக் கிளம்பும், நன்றாகத் திரும்பும். ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரி என்ற நம்பிக்கை வந்துவிடும். பிறகு 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வளைவில் லேசாக பிறேக் பிடிக்கிறார். முன்பக்கம் றோட்டைப் பிடிக்கிறது, பின்பக்கம் பிடிக்கவில்லை. காரின் வால் வெளியே வீசுப்பட்டு கார் சுழன்றுவிடும். நாலும் ஓல் சீசனாக இருந்தால் கார் நேரே வழுக்கிக்கொண்டு போகும். அதுவும் ஆபத்துதான், ஆனால் சுழல்கிற காரை மீட்பது பழகின சாரதிக்கே கஷ்டம். காசு நாலுக்குக் காணாவிட்டால், விலை குறைந்த வகையில், மலைப்படம் உள்ள நாலு வாங்குங்கோ. இரண்டு உயர்ந்த ரயரைவிட அது எவ்வளவோ மேல். அண்ணரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கோ.

ஏஜாக்ஸிலிருந்து: ஓல் வெதர் என்று ஒன்று வந்திருக்கிறதாம், வருடம் முழுக்கக் கழற்றத் தேவையில்லையாம். ரொறன்ரோப் பக்கம் முந்தி மாதிரி ஸ்னோவும் இல்லை. அது காணாதா?

பெயரைக் கவனியுங்கோ. ஓல் சீசன் வேறு, ஓல் வெதர் வேறு. ஓல் வெதரில் மலைப்படம் இருக்கும். நோக்கியன் டபிள்யூஆர், மிஷலின் குறொஸ் கிளைமட் 2, ரோயோ செல்சியஸ் எல்லாம் அந்த வகை. நல்ல ரயர்கள்தான். ஆனால் அந்தப் படத்துக்கான சோதனை, ஸ்னோவில் எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதற்கு அது பதில் சொல்லாது. கோடையின் 30 பாகைக்கும் தாங்க வேண்டிய றப்பரை, மைனஸ் இருபதுக்காக மட்டும் செய்த றப்பர் அளவுக்கு மென்மையாக்க முடியாது.

ஸ்னோ குறைவு என்பதால் பயமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐஸ் கடுமையாக வழுக்குவது மைனஸ் இருபதில் அல்ல, சுழியத்துக்குக் கிட்ட நிற்கும்போதுதான். அப்போது ஐஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தண்ணீர்ப் படை இருக்கும். பகலில் உருகி இரவில் உறைகிற ரொறன்ரோ வின்ரர் அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். றோட்டு வெறும் ஈரமாகத்தான் தெரியும், மேம்பாலத்தில் ஏறினதும் கார் கையில் நிற்காது.

ஆகவே கேள்வி ரயரைப் பற்றியது மட்டுமில்லை, உங்கள் வேலையைப் பற்றியதும்தான். ஸ்னோ கொட்டினால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், றோட்டுத் துப்பரவான பிறகுதான் வெளிக்கிடுவேன் என்றால் ஓல் வெதர் போதும். விடிய நாலு மணிக்கு, றோட்டில் உப்புத் தூவுகிற லொறி வர முன்னம், வேலைக்குப் போகிறவர் என்றால் அசல் வின்ரர் ரயர்தான்: மிஷலின் எக்ஸ் ஐஸ், பிறிட்ஜ்ஸ்ரோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கபெலிட்டா போன்றவை. 400 நெடுஞ்சாலையில் வடக்கே பரி நகரப் பக்கம் போய்வருபவர்களுக்கும் அதையே சொல்வேன். ஜோர்ஜியன் குடாவிலிருந்து வருகிற காற்று அங்கே ஸ்னோவைக் கொட்டும்போது மார்க்கத்தில் வெயில் எறிந்துகொண்டிருக்கும்.

நோக்கியனைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தின் முதல் வின்ரர் ரயரை 1934இல் செய்தவர்கள் இந்தப் பின்லாந்துக்காரர்தான், அதுவும் லொறிக்கு. ஸ்னோவோடு பிறந்து வளர்ந்தவர்கள் செய்த சாமான் என்பது கையில் எடுத்தாலே தெரியும்.

பிக்கரிங்கிலிருந்து ஒரு தம்பி: என்னுடையது கொரோலாவின் ஸ்போர்ட்ஸ் மொடல், 18 அங்குல றிம். அந்த அளவில் வின்ரர் ரயர் விலை தலையைச் சுற்றுகிறது.

அப்படியென்றால் 18இல் வாங்காதேயும். உம்முடைய ரயர் 225/40 ஆர்18: அகலம் 225 மில்லிமீற்றர், பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்தில் 40 வீதம், றிம் 18 அங்குலம். அதற்குப் பதிலாக 16 அங்குல இரும்பு றிம்மில் 205/55 ஆர்16 போடலாம். மொத்த விட்டம் முதலாவதில் 637 மில்லிமீற்றர், இரண்டாவதில் 632. ஒரு வீதத்துக்கும் குறைந்த வித்தியாசம் என்பதால் வேகமானி பொய் சொல்லாது. ஒடுக்கமான ரயர் ஸ்னோவை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். இன்னொன்று, மார்ச் மாதக் குழிகள். பக்கச் சுவர் உயரம் கூடினால் குழியில் விழுகிற அடியை ரயர் வாங்கும், றிம் தப்பும். வாங்க முதல் அந்த றிம் உம்முடைய பிறேக்கில் முட்டாமல் ஏறுமா என்று கடையில் கேட்டு உறுதிப்படுத்தும். ரயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டுகிற பாரச் சுட்டெண், கதவில் எழுதியிருக்கிறதுக்குக் குறையாமலும் பாரும்.

ஸ்காபரோவிலிருந்து ஓர் ஐயா: தெரிந்த பெடியன் ஒருவன் பழைய வின்ரர் ரயர் நாலும் இருநூறு டொலருக்குத் தருகிறான். வாங்கலாமா?

வாங்கலாம் ஐயா, ஆனால் இரண்டு விசயம் பார்த்துவிட்டு. முதலாவது வயது. பக்கச் சுவரில் 'டொட்' (DOT) என்று தொடங்குகிற வரியின் கடைசி நாலு இலக்கம்: 3819 என்றால் 2019ஆம் ஆண்டின் 38ஆவது கிழமை செய்தது. நாலு ரயரிலும் பாருங்கோ. சிலதில் அந்த இலக்கம் உள்பக்கமாக இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆறு வருடம் தாண்டியது என்றால் நான் வாங்க மாட்டேன். வெட்டு ஆழமாக இருந்தாலும் றப்பர் காய்ந்திருக்கும்.

இரண்டாவது ஆழம். பொக்கற்றில் இருக்கிற இரண்டு டொலர்க் குற்றியை எடுத்து வெட்டுக்குள் நிமிர்த்தி விடுங்கோ. வெளியே உள்ள வெள்ளி வளையம் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீற்றர் அகலம். வளையம் முழுக்க மறைந்து உள்ளே உள்ள பொன்னிறம் வரை ரயர் ஏறினால் நல்லது. வளையத்தின் பெரும்பகுதி வெளியே தெரிந்தால் விட்டுவிடுங்கோ. ஸ்னோவுக்கு 4 மில்லிமீற்றராவது வேண்டும். எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் ஒன்றரை மில்லிமீற்றர் வரை விடும், ஆனால் அது ஸ்னோவை நினைத்து எழுதின அளவில்லை. ஒரே ரயரில் மூன்று நாலு இடத்தில் அளவுங்கோ, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கலாம்.

ஓஷாவாவிலிருந்து: என் கார் நாலு சில்லும் இழுக்கிற சுபாரு. எனக்கும் தேவையா?

தேவை. நாலு சில்லும் இழுப்பது காரைக் கிளப்பத்தான் உதவும். பிறேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. மற்றவரைவிடச் சுகமாக வேகமெடுத்துவிட்டு, நிற்கும்போது அவரைப் போலவே வழுக்குவீர்கள்.

மிசிசாகாவிலிருந்து: நத்தாருக்கு மொன்றியலில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம். அங்கே வின்ரர் ரயர் கட்டாயமாமே, மறிப்பார்களா?

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்தான். ஆனால் அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு. ஒன்ராறியோத் தகடு உள்ள உங்களுக்கு அபராதம் இல்லை. அதற்காக ஓல் சீசனில் போகாதேங்கோ. அந்த மாதத்தில் அங்கே உங்களுக்கு முன்னால் போகிற கார் வின்ரர் ரயரோடு சட்டென்று நிற்கும். பின்னால் வருகிற நீங்களும் அந்தத் தூரத்துக்குள் நிற்க வேண்டும்.

மார்க்கத்திலிருந்து மறுபடியும்: இன்சூரன்ஸ் குறையுமா?

குறையும். 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் எல்லா இன்சூரன்ஸ் கம்பனியும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். தாங்களாக அழைத்துச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கோ.

விற்பியிலிருந்து ஒரு தங்கச்சி: குளிர் தொடங்கினால் ரயரில் காற்றுக் குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிகிறது. ரயர் பழுதா?

அனேகமாகப் பழுதில்லை அம்மா. வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்க, ரயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறையும். கராஜின் 20 பாகைச் சூட்டில் 32 அடித்துக்கொண்டு வந்தால், மைனஸ் 15 உள்ள காலையில் 26தான் நிற்கும். மாதம் ஒருமுறை, கார் இரவு முழுக்க நின்ற பிறகு, ஓட்ட முதல் பாருங்கோ. கதவு நிலையில் எழுதியிருக்கிற அளவு அந்தக் குளிர்ந்த நேரத்துக்குரியது. காற்றடித்தும் ஒரே ரயர் திரும்பத் திரும்ப இறங்கினால் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணி குத்தியிருக்கலாம், அல்லது உப்பில் றிம் கறள் பிடித்து ஓரத்தால் காற்றுப் போகலாம்.

வின்ரர் சில்லில் காற்றழுத்தம் அளக்கிற சென்சர் போடாவிட்டாலும் அந்த விளக்கு எரியும். புதிய சிவிக் போன்ற சில கார்கள் சில்லு சுழல்வதை வைத்தே கணக்குப் பார்க்கும். அவற்றுக்கு ரயர் மாற்றினதும் திரையில் போய் மறுபடி அளவெடுக்கச் சொன்னால் சரி.

அதே ஏஜாக்ஸ்காரர்: எப்போது மாற்றுவது? தனி றிம்மில் இருந்தால் நானே மாற்றலாமா?

காலை வெப்பநிலை தொடர்ந்து 7க்குக் கீழே வரத் தொடங்கியதும் மாற்றுங்கோ. இங்கே அது ஒக்டோபர் கடைசி, நவம்பர் முதல் கிழமை. முதல் ஸ்னோவுக்கு அடுத்த நாள் எந்தக் கராஜுக்குப் போனாலும் வரிசை வீதி வரைக்கும் நிற்கும். கழற்றுவது ஏப்ரலில். கோடையில் வின்ரர் ரயரை ஓட்டாதேங்கோ. அந்தச் சூட்டில் மென்மையான றப்பர் கிடுகிடுவென்று கரையும், பிறேக் பிடித்தாலும் காய்ந்த றோட்டில் தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

நீங்களே மாற்றலாம், இதைக் கவனமாகச் செய்தால். பழைய சில்லைக் கழற்றினதும் அது இருந்த இடத்தில் கறள் தட்டியிருக்கும். கம்பித் தூரிகையால் வடிவாகத் தேய்த்து எடுங்கோ. கறளுக்கு மேல் றிம்மை வைத்து இறுக்கினால் நட்டு இறுகினமாதிரி இருக்கும், ஓட ஓடக் கறள் நொறுங்கி நட்டு இளகும். ரயரில் சுழல்கிற திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிப் பார்க்க வேண்டும். நட்டைக் குறுக்கும் மறுக்குமாக, எவ்வளவு இறுகுகிறது என்று அளவு காட்டுகிற சாவியால் இறுக்குங்கோ. கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், அதாவது 76 அடி இறாத்தல். காலால் ஏறி மிதித்து இறுக்க வேண்டாம், போல்ட் இழுபட்டுவிடும்.

நூறு கிலோமீற்றர் ஓடினதும் மறுபடி அதே சாவியை வைத்துப் பாருங்கோ. கராஜில் மாற்றியிருந்தாலும் அப்படித்தான். எங்களிடம் மாற்றுகிறவர்களை, அடுத்த கிழமை பாண் வாங்கப் போகிற வழியில் ஒருக்கால் நிற்பாட்டிவிட்டுப் போகச் சொல்வேன். ஐந்து நிமிசம்தான், காசு வாங்குவதில்லை.