உளச்சிகிச்சையில் எது உண்மை? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 43 வயது. ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. வேலை, வீடு எல்லாம் வெளிப்பார்வைக்கு ஒழுங்காகவே நடக்கின்றன. ஆனால் அவர் இருந்த அறைக்குள் என்னால் இன்னும் காலெடுத்து வைக்க முடியவில்லை. அன்று ஒரு மணி நேரம் முன்னதாக மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்ற எண்ணம் வராத நாளில்லை. முதலில் பார்த்த ஆலோசகர் ஏழெட்டு மாதங்கள் என் சிறுவயதைப் பற்றியே பேசவைத்தார். அங்கே மனம் லேசாகும். வீட்டுக்கு வந்தால் பழையபடிதான். இப்போது பார்ப்பவர் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற எண்ணத்தை ஒரு பக்கமும் அதற்கான ஆதாரத்தையும் மறுப்பையும் பக்கத்திலும் எழுதச் சொல்கிறார். வங்கியில் பற்று வரவு எழுதுவதுபோலவே இருக்கிறது. ஒருவர் சொல்வது சரியென்றால் மற்றவர் சொல்வது தவறாகத்தானே இருக்கவேண்டும்? என் தம்பியோ, “காசு கொடுத்துப் புலம்பிவிட்டு வருகிறாய்” என்கிறான். பழைய கட்டுரை ஒன்றில் நீங்களும் சிகிச்சைக்குப் போனதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். பெயரை வெளியிடவேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்.,

அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நான் நைசாக நகர்ந்துவிட்டேன், நீங்கள் பிடித்துவிட்டீர்கள். நான் மருத்துவனோ உளவியலாளனோ அல்ல. இரண்டு விதமான சிகிச்சைகளில் உட்கார்ந்து எழுந்தவன், அதன் பிறகு இத்துறை சார்ந்து கொஞ்சம் படித்தவன் என்ற அளவில் மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2004ஆம் ஆண்டு. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் அலுவலகம், ஸ்ரீரங்கத்தில் வீடு. ஸ்கூட்டரில் கால் மணி நேரம், இடையில் காவிரிப் பாலம். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது ‘தடக்’ என்று ஓர் அதிர்வு வரும். ஒரு நாள் மாலை அந்த அதிர்வு, யார்மீதாவது ஏற்றிவிட்டோமோ என்ற எண்ணமாக மாறியது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். யாரும் விழுந்து கிடக்கவில்லை. ஆனால் பார்க்கப் போன வழியிலும் தடக்குகள் இருந்தனவே, அவற்றை யார் பார்ப்பது? கால் மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாயிற்று. காலையில் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் விபத்துச் செய்திகளைத் துழாவுவேன்; இரவில் மனைவியிடம், “ஒன்றும் ஆகியிருக்காது, இல்லையா?” என்று கேட்பேன், அவள் “ஆகியிருக்காது” என்பாள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்பேன்.

நான் முதலில் போனது, சிறுவயதையும் அடிமனதையும் தோண்டிப் பார்க்கும் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு மரபில் ஊறிய ஒரு பெரியவரிடம். என் தந்தை லாரி ஓட்டுநர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் ஓட்டிய வண்டியில் அடிபட்டு ஒருவர் இறந்துபோனார். வழக்கு நடந்தது, முடிந்தது. வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. பதினோராவது மாதத்தில்தான் அது என் வாயிலிருந்து வந்தது. அன்று நான் அழுததைப்போல அதற்கு முன்னால் அழுததில்லை. ஒரு பெரிய உண்மை பிடிபட்டுவிட்டது என்ற நிறைவோடு வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். பாலத்தில் மூன்று முறை திரும்பினேன்.

இரண்டாமவர் இளைஞர். தந்தையைப் பற்றி நான் தொடங்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, “திரும்பிப் பார்த்த உடனே பயம் எவ்வளவு குறைகிறது?” என்றார். அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பார்த்ததும் பயம் இறங்கிவிடுகிறது. இறங்கிவிடுவதாலேயே, நம்மைக் காப்பாற்றியது அந்தப் பார்வைதான் என்று மனம் கற்றுக்கொண்டு அடுத்த முறையும் அதையே கேட்கிறது என்று விளக்கினார். பிறகு வந்தது சிகிச்சை. பாலத்தைக் கடந்து, மாம்பழச்சாலையில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் போகாமல் நின்று, பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடவேண்டும்; எண் தானாக இறங்கும்வரை நகரக்கூடாது. முதல் நாள் அவரும் பின்னால் உட்கார்ந்து வந்தார். மறுவாரம், “நான் கூட இருப்பதே உங்களுக்கு ஒரு சாட்சி” என்று சொல்லி இறங்கிக்கொண்டார். நாளிதழின் உள்ளூர்ப் பக்கம் தடை செய்யப்பட்டது. நான் கேட்டால் “தெரியாது, ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம்” என்று மட்டுமே பதில் சொல்லவேண்டும் என்பது மனைவிக்கு இடப்பட்ட கட்டளை. அதை அவள் நிறைவேற்றிய விதத்தில் சற்று அதிகமான உற்சாகம் இருந்ததாக இப்போதும் சந்தேகப்படுகிறேன். முதல் மாலை 90ல் தொடங்கி 40க்கு வர ஐம்பது நிமிடங்கள் ஆயின. மூன்று மாதங்களில் நான் திரும்பாமல் வீடு போய்ச் சேரும் மனிதனானேன்.

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கான இந்த முறை, 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. சடங்குபோலத் திரும்பத் திரும்பச் செய்பவற்றைச் செய்யவிடாமல், அவர்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் செவிலியர்கள் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார்கள். அதுவரை கடுமையான ஓசிடி தீராத நோய் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது.

அப்படியானால் பெரியவர் சொன்னது பொய்யா என்பதுதான் உங்கள் கேள்வி. பொய்யில்லை. தீ எப்படிப் பிடித்தது என்பது ஒரு கேள்வி. எது அதை இன்னமும் எரியவைக்கிறது என்பது வேறு கேள்வி. அவர் முதல் கேள்வியோடு உட்கார்ந்திருந்தார், என் நோய்க்கு இரண்டாவது கேள்வி தேவைப்பட்டது. தந்தையின் விபத்துதான் என் நோய்க்குக் காரணம் என்று இன்றும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பதினோரு மாதங்கள் இல்லாதிருந்தால், என் தந்தையின் கடைசி ஆண்டுகளில் ஒரு மாலை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த ஆளோட பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்காப்பா?” என்று கேட்டிருக்கமாட்டேன். பேர் இருந்தது. ஊர் இருந்தது. அந்த மனிதருடைய மகளுக்கு என்ன வயது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. ஸ்கூட்டரைத் திருப்பாமல் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரால் எனக்கு அந்த மாலையைத் தந்திருக்க முடியாது.

உங்கள் நோட்டுக்கும் ஒரு கதை உண்டு. அதை உருவாக்கிய ஆரன் பெக் ஃபிலடெல்ஃபியாவில் உளப்பகுப்பாய்வாளராகப் பயின்றவர். உள்நோக்கித் திரும்பிய கோபமே மனச்சோர்வு என்ற ஃப்ராய்டின் கருத்தை நிரூபிப்பதற்காகவே நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அவற்றில் கோபத்தைவிட இழப்பும் தோல்வியுமே நிறைந்திருந்தன. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே, ‘இவருக்குச் சலிப்பூட்டுகிறேனோ’ என்பதுபோன்ற இன்னொரு எண்ண ஓட்டம் நோயாளிகளுக்குள் அடியில் ஓடுவதையும் கவனித்தார். அந்த அடியோட்டத்தைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துச் சோதிப்பதுதான் நோட்டின் வேலை. ஒரு மணி நேரம் முன்னதாகக் கொண்டுபோயிருக்கலாமே என்ற எண்ணத்துக்கு அது பயன்படும், ஏனென்றால் அதில் சோதிக்கத்தக்க ஒரு கூற்று இருக்கிறது: அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, மருத்துவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கலாம். ஆனால் அப்பா இல்லை என்பதற்கு மறுப்பு எழுத எந்த நோட்டிலும் பக்கம் கிடையாது. கணக்கு எழுதுவதுபோல இருக்கிறது என்ற உங்கள் சலிப்பு இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அந்த அறைக்கு வருகிறேன். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் ஷியர், ஆறாத துயரத்துக்கென்றே ஒரு சிகிச்சையை வகுத்தவர். இறந்த நாளின் கதையை மீண்டும் மீண்டும் சொல்லவைப்பது, தவிர்த்துவரும் இடங்களுக்கும் பொருள்களுக்கும் படிப்படியாகத் திரும்பிப் போகவைப்பது, இறந்தவரோடு கற்பனையில் ஓர் உரையாடல் நடத்தவைப்பது ஆகியவற்றோடு, இனி எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்ற பேச்சும் அதில் உண்டு. அவரும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் 51 சதவீதத்தினரும், மனச்சோர்வுக்கு நன்கு பயன்படும் உறவுசார் சிகிச்சையில் 28 சதவீதத்தினரும் முன்னேற்றம் கண்டார்கள். உங்களுக்கு இருப்பது அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. அதைக் கடிதம் வழியாகச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். நம் வீடுகளில் தலைத்திவசம் முடியும்வரை துக்கம் துக்கமாகவே இருக்க அனுமதி உண்டு, எத்தனை மாதம் கடந்தால் நோய் என்று வரையறுக்கும் கையேடுகளும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே சொல்கின்றன. ஆனாலும் இரண்டரை ஆண்டுகளாக ஒரு கதவைத் தவிர்த்து நடக்கிறீர்கள் என்பது, என் ஸ்கூட்டர் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், கேட்கவேண்டிய தகவல்தான்.

எல்லா முறைகளும் ஒரே அளவு பலன் தருகின்றன என்றும் ஒரு கட்சி உண்டு. 1936இலேயே அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் அதை எழுதிவிட்டார். முறையைவிட, சிகிச்சையாளர் நம்மைத் தீர்ப்பிடாமல் ஏற்றுக்கொள்வதும், நாம் இருக்கும் இடத்திலிருந்தே நம் வலியைப் புரிந்துகொள்வதும், தான் வேடமின்றி இருப்பதுமே மாற்றத்தைக் கொண்டுவருகின்றன என்று இன்னொரு அமெரிக்க உளவியலாளரான கார்ல் ராஜர்ஸ் 1957இல் வாதிட்டார். பொதுவான மனச்சோர்வைப் பொறுத்தவரை இதில் நிறைய நியாயம் இருக்கிறது. ஓசிடிக்கு இதை அப்படியே ஏற்கமாட்டேன். என் மனைவியைவிட அன்பாக என்னை ஆறுதல்படுத்தியவர் யாரும் இல்லை. அந்த ஆறுதலைத்தான் என் நோய் தின்று வளர்ந்தது.

உங்கள் தம்பிக்கு ஒரு செய்தி. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சங்கத் என்ற அமைப்பு மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்து, கடும் மனச்சோர்வு கொண்டவர்களை ஆறு முதல் எட்டு அமர்வுகள் சந்திக்கவைத்தது. புலம்பலைக் கேட்டு அனுப்பும் வேலை அல்ல அது. விட்டுப்போன நடையை, சமையலை, அண்டைவீட்டுப் பேச்சை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கவைக்கும் வேலை. அதனால் கிடைத்த நல்ல பலனை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2017இல் வெளியிட்டது.

நடு இரவில் தாங்கமுடியாமல் போனால் அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தும் எனக்கு ஒன்று தெரியவில்லை. நோட்டுக் கொடுத்தவரிடம் அந்த அறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? நோட்டு கணக்குப்போல இருக்கிறது என்பதையாவது சொன்னீர்களா? நான் பெரியவரிடம், “ஐயா, இன்னமும் பாலத்தில் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறேன்” என்று சொல்ல இரண்டு மாதங்கள் எடுத்துக்கொண்டேன், அவர் மனம் புண்படுமே என்று. சொன்ன அன்றே, ஒரு தாளில் அந்த இளைஞருடைய தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.