வீல் மாற்றியதும் டயர் அழுத்த விளக்கு சிமிட்டுகிறதா?

கேள்வி: காரோடு வந்த 16 அங்குல வீல்களைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய 17 அங்குல அலாய் வீல்களை மாட்டினேன். கடையில் சாதாரண ரப்பர் வால்வு போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் டயர் அழுத்த விளக்கு ஒரு நிமிடம் போல் சிமிட்டிவிட்டு அப்படியே நின்று எரிகிறது. பழைய வீலுக்குள் இருந்த காற்றழுத்தச் சென்சாரை எடுத்துப் புது வீலில் போடலாமா? எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கடையில் தரும் சென்சாரை வாங்கலாமா? விளக்கையே வராமல் செய்துவிடலாம் என்கிறார்கள், அது சரியா? நைட்ரஜன் நிரப்பினால் சென்சாரே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: விளக்கு எப்படி எரிகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள், நல்லது. காற்று குறைந்திருந்தால் அந்த விளக்கு சிமிட்டாது. எரிய ஆரம்பித்ததும் நிலையாக எரியும். முதல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், வண்டி சொல்வது வேறு: "நான் தேடும் சென்சார்களின் சிக்னல் எனக்கு வரவில்லை." வீலுக்குள் சென்சார் இல்லாதபோது இது எதிர்பார்க்க வேண்டியதுதான். வண்டியில் எதுவும் கெடவில்லை.

இன்னொரு வகை கார்கள் உண்டு. அவற்றில் வீலுக்குள் எந்தச் சென்சாரும் இருக்காது. ஏபிஎஸ் பிரேக்குக்காக இருக்கும் வேக உணரிகளை வைத்தே, எந்தச் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, அதில் காற்று குறைந்திருக்கிறது என்று ஊகிக்கும். அந்த வகைக்கு வீல் மாற்றினால் செய்ய வேண்டியது ஒன்றே: நான்கு டயரிலும் காற்றைச் சரியாக வைத்துவிட்டு ரீசெட் கொடுப்பது. இப்படிப்பட்ட காருக்கும் நான்கு சென்சார் தலையில் கட்டும் கடைகள் இருக்கின்றன. உங்கள் பழைய வீலில் உலோக வால்வு இருந்தால் உங்களுடையது பெரும்பாலும் சென்சார் வகை; டயரைக் கழற்றியபோது வால்வின் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்திருந்தால் நிச்சயமாகச் சென்சார் வகை. சிமிட்டலையும் சேர்த்துப் பார்த்தால் அதில் சந்தேகமில்லை.

முதலில் விளக்கை வராமல் செய்யும் யோசனையை முடித்துவிடுவோம். அதற்குக் கடைகளில் மூன்று வழி புழங்குகிறது. ஒன்று, கணினியை இணைத்து அந்த வசதியையே மூடிவிடுவது. இரண்டு, விளக்கின் மேல் கறுப்பு டேப். மூன்றாவதுதான் மிக மோசம்: பழைய நான்கு சென்சார்களையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரு முனையையும் அடைத்து, உள்ளே காற்று ஏற்றி டிக்கியில் வைத்துவிடுவது. வண்டி நான்கு டயரும் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். டயர் ரிம்மில் உட்காரும் அளவுக்குக் காற்று இறங்கினாலும் டேஷ்போர்டில் ஒன்றும் தெரியாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலாவது ஏதோ சரியில்லை என்ற நினைப்பு இருக்கும். இதில் பொய்யான நிம்மதிதான் மிஞ்சும். அமெரிக்காவில் பழுது பார்க்கும் கடை இப்படிப் பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்வது சட்டவிரோதம். சட்டம் இல்லாத இடத்திலும் வேண்டாம்.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சின்னச் சென்சார்களும், கூடவே ஒரு தனித் திரையும் விற்கிறார்கள். அவை வண்டியோடு பேசாது. உங்கள் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ரப்பர் வால்வின் நுனியில் அந்தக் கூடுதல் எடை சுற்றும்போது வால்வின் அடி ரப்பர் வளைந்து வளைந்து வெடிப்பு விடும்.

இனி பழைய சென்சார். எடுத்துப் போடலாமா என்றால், வயதைச் சொல்லுங்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரி பிசினில் புதைத்து மூடியது, மாற்ற முடியாது. மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையைவிட்டு வந்துவிடுங்கள். ஆயுள் ஓட்டத்தைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. வண்டி வாங்கி மூன்று நான்கு வருடம்தான் ஆகிறதென்றால் தாராளமாக மாற்றிப் போடலாம். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு தனி எண் உண்டு; அந்த எண்களை வண்டி ஏற்கெனவே அறிந்திருப்பதால், அவற்றை வண்டிக்கு மறுபடி கற்பிக்கும் வேலைகூடப் பல கார்களில் மிச்சம். ஆறேழு வருடம் ஆகியிருந்தால் வேண்டாம். அடுத்த வருடமே ஒன்றொன்றாகச் சாகும், ஒவ்வொன்றுக்கும் டயரைக் கழற்ற வேண்டிவரும். பழையதைப் போடுவதானால் அதன் ரப்பர் வாஷர், நட், வால்வு பின் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் ஊசி), மூடி நான்கும் புதிதாக வர வேண்டும். ஒருமுறை அழுந்திய ரப்பர் மறுபடி அதே மாதிரி அடைக்காது. இந்தச் சின்னப் பொட்டலத்தை மிச்சம் பிடிப்பதால்தான் வாரம் ஒரு முறை காற்று இறங்கும் வீல்கள் உருவாகின்றன.

'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற சொல்லை நம்பாதீர்கள். அப்படி விற்பவை பெரும்பாலும் வெற்றுச் சென்சார்கள். அதற்கான கருவியை வைத்து உங்கள் காரின் பெயர், மாடல், ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து மென்பொருளை ஏற்றினால்தான் அது உங்கள் வண்டியின் மொழியில் பேசும். அதற்கும் முன்னால் அலைவரிசை பொருந்த வேண்டும். வட அமெரிக்கக் கார்களில் 315 மெகாஹெர்ட்ஸ் அதிகம், ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் 433. ஒரே மாடல் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு அலைவரிசையோடு விற்கப்பட்டிருக்கும். ஆகவே இறக்குமதிக் கார் என்றால் இணையத்தில் மாடல் பெயரைத் தேடி வாங்குவது ஆபத்து. பழைய சென்சாரின் மேல் அச்சாகியிருப்பதைப் பாருங்கள்.

வாங்கும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாமல் நகராதீர்கள். டயர் ஏறுவதற்கு முன், சென்சார் கையில் இருக்கும்போதே, கருவியால் அதை எழுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். திரையில் சென்சாரின் எண் வர வேண்டும். பெரும்பாலும் அழுத்தமும் பேட்டரி நிலையும் சேர்ந்து வரும். நான்கையும் ஒரே மேசையில் குவித்து வைத்துப் படித்தால் பக்கத்தில் இருப்பதும் விழித்துக்கொண்டு பதில் சொல்லும். ஒன்றை மட்டும் கையில் எடுத்து, மற்றவற்றை ஓரிரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நான்கு எண்களையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான்கும் வெவ்வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் ஒரே எண்ணை இரண்டில் ஏற்றிவிடுவார்கள். டயர் ஏறிப் பேலன்சிங் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் கூலி உங்களுடையது.

எண்களைப் பற்றிப் பேசும்போது நகலெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைகள் இதைத்தான் சுலப வழி என்று நீட்டும். பழைய சென்சாரின் எண்ணைப் படித்து அதே எண்ணைப் புதியதில் ஏற்றிவிட்டால் வண்டிக்கு வித்தியாசம் தெரியாது, கற்பிக்கவே வேண்டாம். பழைய சென்சார்கள் தூக்கிப் போடப்படுகின்றன என்றால் இதில் குறையே இல்லை. குளிர்காலத்துக்கு ஒரு செட், மற்றக் காலத்துக்கு ஒரு செட் என்று மாற்றி மாற்றி மாட்டுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். பல வண்டிகள் ஒரு செட் எண்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும், ஆகவே நகல் இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றலுக்கும் கருவி தேடி அலைய வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது? கழற்றிய செட்டும் உயிரோடு இருக்கிறது, அதே எண்ணில். சும்மா கிடக்கும் சென்சார் பெரும்பாலும் தூங்கும் என்றாலும், அழுத்தம் சட்டென்று மாறினால் அல்லது வீல் உருண்டால் விழித்து அனுப்பத் தொடங்கும். பழைய வீல்களை டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறீர்கள், அதில் ஒன்றில் காற்று இறங்கிக் கிடக்கிறது என்றால், ஓடும் டயர் சரியாக இருந்தும் விளக்கு எரியும். பழைய வீல்களை அதே மாடல் வைத்திருக்கும் உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ கொடுத்து, அவர் அந்த எண்களைத் தன் வண்டிக்குக் கற்பித்துப் பக்கத்திலேயே நிறுத்தினால் இரண்டு வண்டியும் குழம்பலாம். ஆகவே இரண்டு செட்டும் உங்களிடமே, ஒரே வண்டிக்கு, தள்ளித் தள்ளி வைக்க இடமிருக்கிறது என்றால் நகல் எடுங்கள். பழையதை விற்கப் போகிறீர்கள் என்றால் புது எண்ணே சரி.

இத்தனையும் சரியாக இருந்தும் வீல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கம்பெனி வீலின் உட்பள்ளத்துக்கு ஏற்ற கோணத்தில் கம்பெனி சென்சார் செய்யப்பட்டிருக்கும். வெளி வீலில் வால்வு துளையின் சாய்வும் பள்ளத்தின் ஆழமும் வேறு. சென்சாரை மாட்டியதும் ஒரு இரும்பு ஸ்கேலை ரிம்மின் குறுக்கே, டயர் விளிம்பு உட்காரும் இரண்டு படிகளின் மேலும் படும்படி வையுங்கள். சென்சாரின் எந்தப் பகுதியும் ஸ்கேலைத் தொடக் கூடாது. தொட்டால், டயர் ஏறும்போது முதலில் உடைவது அதுதான். பெட்டி பள்ளத்தில் சாய்ந்து உட்கார வேண்டும். ரிம்மோடு முட்டி, நட்டை இறுக்க இறுக்க வளைந்துகொடுப்பதாகவும் இருக்கக் கூடாது. கோணத்தை மாற்றிக்கொள்ளும் திருகாணி உள்ள சென்சாரைக் கேட்டு வாங்கினால் பெரும்பாலான வெளி வீல்களில் இது தீரும்.

ரப்பர் வால்வு வைத்த சென்சார் மலிவு, போடுவதும் சுலபம். ஆனால் வழக்கமாக மணிக்கு 210 கி.மீ. வரைதான் அதற்கு வரம்பு. அதற்கு மேல் போகக்கூடிய வண்டிக்கு நட்டு போட்ட உலோக வால்வே போட வேண்டும், நீங்கள் அந்த வேகத்தில் ஓட்டுகிறீர்களோ இல்லையோ. துளையைச் சுற்றிப் பெயின்ட் கட்டியோ பிசிறோ இருந்தால் முதலில் துடையுங்கள். ரப்பர் வாஷரை அது அறுத்துவிடும். நட்டை டார்க் ரென்ச்சால்தான் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். சென்சாரைப் பொறுத்து 4 முதல் 8 நியூட்டன் மீட்டர். துல்லியமான அளவு அதோடு வரும் தாளில் இருக்கும். இது விரலால் இறுக்குவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காற்றழுத்தத்தால் நட்டு முடுக்கும் துப்பாக்கியை இதன் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. அதிகம் இறுக்கிய அலுமினிய வால்வு அன்றே உடைவதில்லை. சில வாரம் கழித்து, ஓடும்போது, அடியில் முறியும்.

வால்வு பின் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். பஞ்சர் கடையில் கைக்குக் கிடைக்கும் மஞ்சள் பித்தளைப் பின்னைப் போட்டால் அலுமினியத்தோடு அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு பின்னைத் திருகினால் வால்வே முறிந்து கையோடு வரும். பளபளக்கும் உலோக மூடிகளும் அப்படித்தான். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி போதும்.

டயர் ஏற்றும் இயந்திரத்தில் இரண்டு இடத்தில் கண் வைத்திருங்கள். டயர் விளிம்பை அமுக்கி விடுவிக்கும் தகடு வால்வு இருக்கும் பக்கத்தில் அமுங்கக் கூடாது. ஏற்றும்போது, இயந்திரத் தலையை 12 மணி என்று வைத்தால் வால்வு ஏறக்குறைய 5 மணி இடத்தில் தொடங்க வேண்டும். மேசை சுற்றி வால்வு தலையை அடைவதற்குள் விளிம்பு உள்ளே இறங்கிவிடும். இயந்திரத்துக்கு இயந்திரம் சற்று மாறலாம், நோக்கம் மாறாது: கடைசியாக இறுகி இழுபடும் விளிம்பு சென்சார் மேல் ஏறக் கூடாது. சென்சாரும் வால்வும் சேர்ந்து சுமார் 30 கிராம் வரும் என்பதால் பேலன்சிங் கட்டாயம். பஞ்சரை அடைக்க ஊற்றும் திரவத்தை உள்ளே விடாதீர்கள். சென்சாரின் ஊசித்துளையை அது அடைத்துவிடலாம்.

பிறகு கற்பித்தல். விளக்கு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள், எண்களை வண்டிக்குள் ஏற்ற ஒரே மாதிரி முறை இருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். விளைவு, கம்பெனிக்கு ஒரு சடங்கு. சில கார்கள் ஓட்டினாலே தானாகக் கற்கும். சிலவற்றில் மெனுவில் நுழைந்து, முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்ற வரிசையில் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் வால்வுக்கு அருகே கருவியைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹாரன் ஒரு முறை ஒலிக்கும். சிலவற்றில் வண்டியின் கணினியில் கேபிள் சொருகினால்தான் ஏறும். உங்கள் வண்டி எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். "ஓட்டுங்கள், தானாகப் போய்விடும்" என்று கடையில் சொன்னால், மூன்றில் ஒரு வகைக்குத்தான் அது உண்மை. கேபிள் வகை என்றால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் போகாது.

விளக்கு அணைந்ததும் காற்றளவை மறக்க வேண்டாம். வண்டிக்குத் தெரிந்தது கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அளவுதான். அங்கே 33 பிஎஸ்ஐ என்றிருந்தால், 25 சதவீதம் குறையும்போது எச்சரிக்கும் வண்டி சுமார் 25-இல் விளக்கை எரியவிடும். புது டயரின் சுமைத் திறனைப் பார்த்து டயர்க்காரர் 36 வைக்கச் சொன்னால், விளக்கு அதற்கேற்ப உயராது. 36-இலிருந்து 25 வரை இறங்கும் வரை பேசாமல் இருக்கும். மாதம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது, கையில் பிடிக்கும் கேஜால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான். ஆணி குத்திய டயரில் அதுவும் காற்று போகிற வேகத்தில்தான் போகும். வெப்பத்துக்கு அதுவும் விரியும், குளிருக்குச் சுருங்கும். சாதாரணக் காற்றே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அதற்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு வால்வுப் பொட்டலம் வாங்கிவிடலாம்.