சைல்டு பிராசஸ் மெமரி போதாமல் செத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லினக்ஸில் உங்கள் பைதான் ஸ்கிரிப்ட் கிளப்பிவிடும் புரோகிராம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிறது. காரணம் மெமரிதானா என்று கேட்கிறீர்கள்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கடையில் தமிழும் மலையாளமும் கலந்த பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்குகிறோம். 4 ஜிபி ராம் உள்ள கிழட்டு மிஷின். பெரிய கட்டு வந்தால் இதே கூத்துதான்.

ராம் தீர்ந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு பிராசஸைத், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைத், தேர்ந்தெடுத்து 9ஆம் எண் சிக்னலை அனுப்பும். அதைத் தடுக்க முடியாது. அதனால் சாகிற புரோகிராம் எர்ரர் மெசேஜ் எதையும் எழுதிவைக்காது. வேறு புரோகிராமைக் கிளப்பும் பைதானின் சப்பிராசஸ் மாட்யூலில் ரிட்டர்ன் கோடு (புரோகிராம் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) -9 என்று வரும். நடுவில் கட்டளைகளை ஓட்டும் ஷெல் இருந்தால் 137, அதாவது 128 + 9.

ஆனால் -9ஐ மட்டும் நம்பிவிடாதீர்கள். யாராவது கையால் கில் -9 அடித்தாலும் அதே எண்தான். (கடைப் பையன் ஒருமுறை அடித்துவிட்டு மெமரி மேல் பழி போட்டான்.) கெர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' வரியைத் தேடலாம், பல இடங்களில் அதற்கு ரூட் (அட்மின்) அனுமதி வேண்டும்.

நான் நம்புவது சிகுரூப் 2ஐ (cgroup v2: பிராசஸ்களைக் குழுவாக்கி மெமரிக்குக் கணக்கும் வரம்பும் வைக்கும் கெர்னல் வசதி). வேலையைத் தனி சிகுரூப்பில் ஓட்டுங்கள். அதன் மெமரி.ஈவென்ட்ஸ் (memory.events) ஃபைலில் ஓஓஎம்_கில் (oom_kill) என்றொரு எண்ணிக்கை இருக்கும், மெமரி போதாமல் கொல்லப்பட்டவை எத்தனை என்று. ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் படியுங்கள், கூடியிருந்தால் மெமரிதான். சைல்டு கிளப்பிவிட்ட பேரப்பிள்ளை பிராசஸ் செத்து, சைல்டு ரிட்டர்ன் கோடாக வெறும் 1ஐத் திருப்பினாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். அதே சிகுரூப்பில் மெமரி.மேக்ஸ் (memory.max) வரம்பும் வைத்துவிட்டால், அந்த வேலை மிஷின் முழுவதையும் இழுத்துக்கொண்டு படுக்காது.