படிகாரமா, பாட்டில்களா?

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகக் குளியல் சோப்பும் படிகாரமும் போதும் என்று சவரம் செய்து வருகிறேன். என் மகனோ சவரத்துக்கு முன் எண்ணெய், பின் ஜெல், இரவில் சீரம் என்று பணத்தைக் கொட்டுகிறான். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? – வாசகர், தாராபுரம்

பதில்: ஆண்பிள்ளை என்பதற்காகத் தோல் எரியாமல் இருந்துவிடாது. முடியை வெட்டும்போதே தோலின் மேற்படலத்தையும் பிளேடு சுரண்டிவிடுகிறது. அந்தச் சேதத்தைக் குறைக்க முதலில் வேண்டியது தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும்தான். முடி நீரில் ஊறி மென்மையாக இரண்டு மூன்று நிமிடங்களாவது ஆகும் என்பதால், குளித்து முடித்த ஈரத்தோடு, மழுங்காத பிளேடால், முடி வளரும் திசையிலேயே மழிப்பவருக்குப் பெரும்பாலும் எரிச்சல் வருவதில்லை. அலுவலக அவசரத்தில் வறண்ட கன்னத்தில் நுரையைத் தடவிய மறுகணமே இழுப்பவர்தான் பிறகு ஜெல்லைத் தேடுகிறார்.

ஐந்து பிளேடு ரேசரின் பெருமையையும் சற்று ஆராய வேண்டும். முதல் பிளேடு முடியைச் சிறிது வெளியே இழுக்க, அது உள்வாங்குவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடுவதால், முடியின் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. கன்னம் வழவழப்பாக இருப்பது உண்மையே. ஆனால் சுருள்முடிக்காரர்களுக்கு அந்த நுனி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து கழுத்தெங்கும் பருக்களைக் கிளப்பும். அவர்களுக்கு ஒற்றை பிளேடோ, முடியைச் சற்று விட்டு வெட்டும் டிரிம்மரோ எந்தச் சீரத்தையும்விட அதிகம் உதவும். மழுங்கியதும் கழற்றி மாற்றும் பிளேடு கொண்ட ரேசரை ஜில்லெட் நிறுவனம் 1903-இல் விற்கத் தொடங்கியபோது, அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வாங்கும் பொருளில்தான் லாபம் இருக்கிறது என்பதை இந்தத் தொழில் விரைவிலேயே கற்றுக்கொண்டது. உங்கள் மகனின் அலமாரி அதற்குச் சாட்சி.

உங்கள் முறையும் குறையற்றதன்று. வழக்கமான குளியல் சோப்பு காரத்தன்மை உடையது. தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது. வயதாக ஆகத் தோல் வறளும்போது சோப்பு அதை மேலும் உலர்த்தும் என்பதால், ஒரு சாதாரண ஷேவிங் கிரீமுக்கு மாறுவதே நல்லது. படிகாரம் சிறு கீறலின் இரத்தத்தை நிறுத்தும். ஆனால் சலூனில் எல்லார் முகத்திலும் தேய்த்த கட்டியை உங்கள் கன்னத்தில் அனுமதிக்காதீர்கள். அங்கே புது பிளேடு போடச் சொல்லிக் கேட்பதில் கூச்சமும் வேண்டாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி ஒரு துளி இரத்தத்தின் வழியாகவும் பரவும்.

மகன் வாங்குபவற்றில் மணமற்ற எளிய மாய்ஸ்சரைசரும், வெயிலில் அலைபவராயின் சன்ஸ்கிரீனும் நியாயமான செலவு. ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவின் 'சுரீர்' என்பது வெறும் எரிச்சல். அதைச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம். மற்றவை பெரும்பாலும் வாசனைக்கும் பாட்டிலின் அழகுக்கும் கொடுக்கும் விலை.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நிறம் தருவதாக நண்பர்கள் சொல்லும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு எதுவும் அந்த அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வாரங்கள் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு பொங்கும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். இத்தகைய களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியபோதும், கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒன்று இருந்தால் மகனைத் திட்ட வேண்டாம். தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.