எள்ளுருண்டை இருக்கட்டும், தேநீரைத் தள்ளிவையுங்கள்

கேள்வி: என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9.8 என்றார்கள். இரத்தம் ஊறட்டும் என்று எள்ளுருண்டை செய்து கொடுக்கிறேன், பிளேன்டீயுடன் சாப்பிடுகிறாள். எள் சூடு, கரு கலைந்துவிடும் என்று லயத்துக் குடியிருப்பில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடவா?
- ஒரு தாய், நோர்வூட்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. உணவாகச் சாப்பிடும் எள்ளால் கரு கலையும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் ஒதுக்கினால் போதும். பிள்ளைத்தாய்ச்சியின் தட்டிலிருந்து நல்ல உணவுகளை இப்படி ஒவ்வொன்றாகப் பயமுறுத்திப் பறிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

என் கவலையெல்லாம் அந்தப் பிளேன்டீயைப் பற்றித்தான். எள், கீரை, பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்புச் சத்தைத் தேயிலைச் சாயம் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது, இரத்தத்தில் சேரவிடுவதில்லை. பத்து மணிக்குக் கூடையை இறக்கிவைத்து, உருண்டையில் ஒரு கடி, சாயத்தில் ஒரு மிடறு என்று சாப்பிட்டால், நீங்கள் எள்ளை வெடிக்க வறுத்து, கித்துள் கருப்பட்டி சேர்த்து உரலில் இடித்த பாடு பெரிதும் வீணாகிறது. உருண்டையைச் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போன பிறகு தேநீர் குடிக்கட்டும். உருண்டையோடு ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ கொடுத்தனுப்புங்கள். அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும்.

ஆனால் உருண்டையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 1.3 மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு உண்டு. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குத் தேவை 27 மில்லிகிராம். 9.8 என்பது கவனிக்க வேண்டிய இரத்தசோகை. அதற்கு மருந்து கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைதான். அதையும் தேநீரோடு விழுங்குகிறாளா என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீரோடு போட வேண்டும். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்ற வேண்டும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போனால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பூச்சி மாத்திரை கொடுத்தார்களா? கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்கு அது எளிதில் தொற்றும். மூன்று மாதம் கடந்துவிட்டதால் அந்த மாத்திரையைக் கொடுக்கலாம். குடும்பநல மாதுவிடம் (மருத்துவிச்சியிடம்) கேளுங்கள்.

கருப்பட்டியும் சீனியைப் போலவே இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும். ஆகவே நாளுக்கு ஓர் உருண்டை போதும். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் நீரிழிவுப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஒரு மாதம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.