செயலியை மாற்றிய பின் திரை வரவில்லை: முதலில் பயாஸைப் பாருங்கள்

வணக்கம். பி450 மதர்போர்டில் ரைசன் 5 2600 செயலியைக் கழற்றி ரைசன் 5 5600 பொருத்தியதிலிருந்து விசிறிகள் சுழன்றும் திரையில் எதுவும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செயலி பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பி450 போர்டுகள் 2018இல் வந்தவை. 5600 அடங்கிய 5000 வரிசையை அடையாளம் காணும் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அவற்றுக்கு 2021 வாக்கில்தான் பரவலாகக் கிடைத்தது என்பதால், அதுவரை புதுப்பிக்கப்படாத போர்டு புதிய செயலியை அறியாமல் நின்றுவிடும்.

போர்டில் பயாஸ் ஃப்ளாஷ் பொத்தான் இருந்தால், உங்கள் மாடலுக்குரிய கோப்பை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் கையேடு சொல்லும் பெயரில் இட்டு, செயலியைத் தொடாமலேயே புதுப்பிக்கலாம். பொத்தான் இல்லையென்றால் 2600ஐ மீண்டும் பொருத்தித்தான் புதுப்பிக்க வேண்டும். அப்போது செயலியின் மேலுள்ள கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட் வகையில் ஊசிகள் செயலியிலேயே இருப்பதால், இரண்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்தும் செயலியைப் பிடுங்கி ஊசிகளை வளைத்துவிடக்கூடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பிறகே தூக்குங்கள்.

பழைய செயலியில் விண்டோஸ் திறந்ததும் பிட்லாக்கர் (வட்டிலுள்ள கோப்புகளைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கினால் அதன் மீட்பு விசையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செயலி மாறினால் அந்த விசை கேட்கப்படலாம். அது கையில் இல்லாமல் கோப்புகளை இழப்பது மிகவும் வருத்தத்திற்குரியது.

பயாஸைப் புதுப்பித்து 5600ஐப் பொருத்திய பிறகும் திரை வராவிட்டால், சிமாஸை (போர்டில் சேமித்துள்ள பயாஸ் அமைப்புகளை) அழித்துவிட்டு ஒரே ஒரு ரேமுடன் இயக்கிப் பாருங்கள். அப்போது போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்பதையும் போர்டின் முழு மாடல் பெயரையும் எழுதுங்கள்.